தேடாமற் கண்டவை

விபத்தில் அடிபட்டு வந்த ஒருவருக்கு விலா எலும்பு முறிந்துள்ளதோ என அறிய, அவசர சிகிச்சைப் பிரிவில் ஸ்கான் எடுக்கின்றனர். எலும்புக்குப் பழுதில்லை, ஆனால், சுவாசப்பையிலே சிறியதொரு முடிச்சுத் தென்படுகின்றது. அதனை அவருக்குச் சொல்ல வேண்டியவர் யார்?

1971இல் இலண்டனில் முதல் நோயாளியைப் படம்பிடித்த ஹவுன்ஸ்பீல்டின் கருவி தலையை மாத்திரமே காட்டிற்று. இன்றைய கருவிகள் நெஞ்சையும் வயிற்றையும் சில விநாடிகளிற் காட்டிவிடுகின்றன. ஆகவே, தேடாதனவும் அகப்படுகின்றன.

அகப்படுவன யாவும் புற்றுநோயல்ல. பிளைஷ்னர் சங்கம் 2017இல் திருத்திய நெறிமுறைப்படி, 35 வயதை எட்டிய, புற்றுநோயோ நோயெதிர்ப்புக் குறைவோ இல்லாத ஒருவரிடம் 6 மில்லிமீற்றரிலும் சிறிய திண்ம முடிச்சுக் காணப்பட்டு, புகைப்பழக்கம் போன்ற ஆபத்துக் காரணிகளும் இல்லையெனின், வழமையான மறுபரிசோதனை வேண்டியதில்லை. 8 மில்லிமீற்றரைக் கடந்ததாயின், மூன்று மாதத்தில் மீண்டும் படமெடுப்பது முதலியவற்றை ஆலோசிக்க வேண்டும்.

இடர்ப்பாடு அறிவிலன்று, கைமாறுதலிலேயே உள்ளது. கதிரியல் வைத்தியரின் முழு அறிக்கை வருமுன் நோயாளி வீடு சென்றிருப்பார். இரவுக் கடமை வைத்தியரும் மாறியிருப்பார். அறிக்கை கோவையில் உறங்கும். நள்ளிரவில் உயிர்காக்கப் போராடுபவரை இதற்காக நோவது நியாயமன்று. வீடுசெல்லும் கடிதத்தில், நோயாளிக்கு விளங்கும் மொழியில், கண்டது என்ன, எப்போது, எவரிடம் மீளக் காட்டுவது என எழுதிக் கொடுத்தலே வேண்டப்படுவது. நோயாளியும் புறப்படுமுன் கேட்கலாம்: "படத்தில் வேறேதேனும் கண்டீர்களா, ஐயா?"