தகுதி என்னும் சொல்



பத்தாண்டுகளாகச் சொல்லோடு பழகிவரும் இவ்வவையில் சட்டம் பேசுவானேன் என நீங்கள் வினவலாம். ஒரு சொல்லின் பொருளால் கோடிக்கணக்கானோரின் உரிமை ஊசலாடிய செய்தியைச் சொல்லவே வந்தேன்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கை 2006ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவையில் உருவாயிற்று. ஏனையோர்க்கு நிகரான சட்டத் தகுதி அவர்கட்கு உண்டு என்பது அதன் 12ஆம் பிரிவு. ஆகஸ்டு மாத வரைவில் அப்பிரிவின்கீழ் ஓர் அடிக்குறிப்பு இருந்தது. அரபு, சீனம், உருசியம் ஆகிய மொழிகளில் இத்தொடர் உரிமைகளைப் பெற்றிருக்கும் தகுதியையே குறிக்கும், செயற்படும் தகுதியைக் குறிக்காது என்பது அதன் கருத்து. அடிக்குறிப்புத்தானே என்று தள்ளிவிடலாகாது. அது நிலைத்திருந்தால், வீடு ஒருவர் பெயரில் இருக்கும். அதனை விற்கவோ, தம் மருத்துவத்திற்கு இசையவோ மறுக்கவோ பிறரது கையொப்பமே செல்லும் என்று வாதிட இடமிருந்திருக்கும். மாற்றுத்திறனாளர் அமைப்புகள் எதிர்த்தன. டிசம்பர் 13ஆம் நாள் உடன்படிக்கை ஏற்கப்பட்டபோது அக்குறிப்பு அதில் இல்லை.

இவ்வேறுபாடு சூழ்ச்சியில் பிறந்ததன்று. செர்மானியர் 'ரெஹ்ட்ஸ்ஃபேஹிக்கைட்', 'கெஷெஃப்ட்ஸ்ஃபேஹிக்கைட்' என இரு சொற்களை ஆள்கின்றனர். 1900 முதல் நடப்பிலுள்ள அவர்தம் குடிமைச் சட்டத்தின் முதற்பிரிவே, முன்னது பிறப்பு நிறைவுறும்போது தொடங்கும் என்கிறது. ஏழு வயது நிரம்பாத குழந்தைக்குப் பின்னது இல்லை. இசுலாமியச் சட்டவியலாரும் 'அஹ்லிய்யா' என்பதனை அவ்வாறே இரண்டாக வகுத்துள்ளனர். ஆங்கிலமோ இரண்டையும் ஒரே தொடருக்குள் அடக்கிவிடுகிறது.

நம்மிடம்? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் உரிய வயது, தெளிந்த மனம், சட்டத்தடை இன்மை என மூன்றைக் கேட்கிறது. வயது நிரம்பாதவரைச் சுட்ட வந்த 'மைனர்' என்னும் சொல், நம் ஊர்களில் சொத்தைச் சீரழிக்கும் செல்வப் பிள்ளைக்கும், ஏன், அவர் கழுத்துச் சங்கிலிக்கும் பெயராயிற்று! சட்டம் கைகளைக் கட்டியவன் பெயரைக் கட்டற்றவனுக்குச் சூட்டிய நம் மக்களின் குறும்பை என்னென்பது!

யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் இக்குறும்பிற்கு இடமில்லை. அவ்வழமைக்குட்பட்ட மணமான பெண் தன் நிலத்தை விற்கக் கணவனின் எழுத்துமூல இசைவு வேண்டும் என 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் வகுத்தது. நிலம் அவளுடையது, ஒப்பம் அவனுடையது. பிரான்சு நாட்டு மனைவியரும் 1938 வரை சட்டத்தின் கண்ணில் செயற்றகுதி அற்றவர்களே.

'தகுதி' என்றதுமே அதனை அளப்பவர் ஒருவர் எதிரே அமர்ந்துவிடுகிறார். 'தகுதியற்றவர்' என்பதோ நம் மொழியில் வசைச்சொல். ஆதலின், முன்னதற்கு 'உரிமையுடைமை' என்றும் பின்னதற்குச் 'செயலுரிமை' என்றும் வழங்கலாம் எனக் கருதுகின்றேன். இவற்றினும் செவ்விய சொற்கள் கவிஞர்களிடம் இருக்குமாயின், மலர் அச்சேறுமுன் எழுதியனுப்புங்கள்.