இடையில் நிறுத்தலாகாத மாத்திரை



பக்கவாதம் கண்டபின் கைகால் விறைத்துப் போனவர்களை நாம் பார்த்திருக்கிறோம். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கும், மூளைவாதம் உள்ள பிள்ளைகளுக்கும் இதே நிலை வருவதுண்டு. மடங்கிய கை நீள மறுக்கும். இரவில் கால் தானாகவே இழுத்துக்கொள்ளும். மூளையிலிருந்து தண்டுவடம் வழியாகத் தசைகளுக்கு வரும் கட்டுப்பாடு குறைந்துவிடுவதே இதற்குக் காரணமாகும்.

இவ்விறுக்கத்தைத் தளர்த்த மருத்துவர்கள் கொடுக்கும் மருந்துகளுள் ஒன்று பெக்லோஃபென். 1960-களில் வலிப்பு நோய்க்கென ஆராயப்பட்ட இம்மருந்து, அந்நோய்க்குப் போதிய பயன் தரவில்லை. ஆனால் தசை இறுக்கத்தைத் தணிப்பதில் சிறந்து விளங்கியது. இது நோயின் மூலத்தை நீக்குவதில்லை. இறுக்கத்தை மட்டுமே குறைக்கும். ஆகவே, கைகால்களை நீட்டி மடக்கும் பயிற்சியையும் விடாது செய்துவர வேண்டும்.

பெரியவர்களுக்கு வழக்கமாக 5 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு மூன்று வேளை தொடங்கி, சில நாட்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாக அளவைக் கூட்டுவர். விரைவில் குணம் காணவேண்டும் என்று நாமாகவே கூட்டுதல் தவறு. அளவு மிஞ்சினால் கால் துவண்டு நிற்க முடியாமற் போகலாம். மிகவும் மிஞ்சினால் நினைவு தப்பி, மூச்சும் தடைப்படலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களின் உடலில் இம்மருந்து தேங்கிவிடும். நீரிழிவால் சிறுநீரகம் கெட்டவர்களும் இதில் அடங்குவர். அவர்கள் அதனை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுதல் அவசியம். கர்ப்பிணிகளும் அவ்வாறே சொல்லவேண்டும்.

இம்மாத்திரை தூக்கத்தையும் தலைசுற்றலையும் உண்டாக்கக்கூடும். மயக்கம் இருக்கும்வரை மோட்டார் சைக்கிள் ஓட்டலாகாது. பால்வெட்டும் கத்தியையும் எடுக்கலாகாது. கள், சம்சு, பீர் ஆகியவற்றுடன் சேர்ந்தால் மயக்கம் பன்மடங்காகும். தூக்க மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை உண்பவர்களும் மருத்துவரிடம் அதைத் தெரிவிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. நெடுநாள் உண்டுவந்த பெக்லோஃபெனை ஒருநாளும் திடீரென நிறுத்தக் கூடாது. தீபாவளிக்கு உறவினர் வீட்டுக்குப் போகிறோம். மாத்திரைப் பையை மறந்துவிடுகிறோம். அல்லது, "இப்போதுதான் தேறிவிட்டாரே" என்று வீட்டார் நிறுத்திவிடுகின்றனர். இரண்டு நாட்களுக்குள்ளேயே கடுங்காய்ச்சல், வலிப்பு, மனக்குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிதல், முன்னிலும் கொடிய தசை இறுக்கம் ஆகியவை தோன்றக்கூடும். இதைப் பேய்க்கோளாறு என்றெண்ணி மந்திரிக்கச் சென்றால், பொன்னான நேரம் வீணாகி உயிருக்கே ஆபத்து நேரலாம். உடனே 999 எண்ணுக்கு அழைத்து, நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மாத்திரை உறையையும் தவறாமல் காட்டுங்கள். மருந்தை விடவேண்டுமானால், மருத்துவர் சொற்படி வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்தே விடவேண்டும்.

ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் உண்ணலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் விட்டுவிடுங்கள்; இரண்டையும் சேர்த்து உண்ணாதீர்கள். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே மருத்துவ நிலையம் சென்று வாங்கி வையுங்கள். பிள்ளைகளின் கைக்கெட்டாத பெட்டியில் பூட்டி வையுங்கள். இடுப்புவலி என்று வரும் அண்டை வீட்டாருக்கு எடுத்துக் கொடுக்காதீர்கள்.

நன்றாக இருந்தவருக்கு இறுக்கம் திடீரென மிகுந்தால், மருந்தைக் கூட்டுமுன் காரணத்தைத் தேடவேண்டும். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப் புண் ஆகியவையும் இறுக்கத்தைத் தூண்டும்.

படுத்திருப்பவர் தம் மருந்தைத் தாமே எண்ணிப் பார்க்க இயலாது. அப்பொறுப்பு வீட்டாராகிய நம்முடையது. இன்றே மாத்திரையை எண்ணிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.