விராலடிப்பானின் கூடு

(தொடர்கல்வி மையத்தில் ஆற்றிய உரை)



இன்று ஒரு பறவைக் குடும்பத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அந்தப் பறவையின் பெயர் விராலடிப்பான். பெயரைச் சொன்னாலே அதன் தொழில் தெரிந்துவிடும். மீன்தான் அதன் சாப்பாடு. மற்றதை அது அரிதாகத்தான் தொடும்.

உங்களில் சிலர் இதைப் பார்த்திருப்பீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பும்போது வரும். பங்குனி வரை இருக்கும். பருந்து என்று நினைத்து விட்டிருப்பீர்கள். அடுத்த முறை உற்றுப் பாருங்கள். வயிறு வெள்ளையாக இருக்கும். கண்ணில் மை தீட்டியது போல ஒரு கறுப்புப் பட்டை கழுத்து வரை ஓடும். இறக்கையை விரித்தால் 5 அடி இருக்கும். எடையோ ஒன்றரைக் கிலோ, மிஞ்சினால் 2 கிலோ.

மீன் பிடிப்பதைப் பார்க்க வேண்டும்! தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் இறக்கை அடித்து நிற்கும். மீன் தெரிந்ததும் காலை முன்னே நீட்டிக்கொண்டு விழும். சில நேரம் உடம்பு முழுவதும் தண்ணீருக்குள் போய்விடும். மூக்குத் துவாரத்தை மூடிக்கொள்ளும். வழுக்கும் மீனைப் பிடிக்க உள்ளங்காலில் சிறு முட்கள் உண்டு. விரல்களில் ஒன்றைப் பின்னுக்கும் திருப்பிக்கொள்ளும். முன்னே இரண்டு, பின்னே இரண்டு என்று இறுக்கிப் பிடித்தால் மீன் எங்கே தப்பும்? தூக்கிக்கொண்டு போகும்போது மீனின் தலை முன்பக்கம் பார்த்திருக்கும். காற்று தடுக்காமல் இருக்க இந்த ஏற்பாடு.

நம் ஏரியில் இது மீன் பிடிப்பதைப் பார்க்கலாம். குஞ்சு வளர்ப்பதைப் பார்க்க முடியாது. அதற்கு வடக்கே, குளிர் நாடுகளுக்குப் போய்விடும். ஆகவே கூட்டைப் பார்க்க நாமும் ஒரு குளிர் நாட்டுக்குப் போவோம். அது ஸ்காட்லாந்து. பிரிட்டனின் வடபகுதி. அங்கே ஒரு கூட்டுக்கு மனிதர்கள் இரவும் பகலும் காவல் இருந்தார்கள்.

ஏன் காவல்? பறவைக் கூட்டில் திருட என்ன இருக்கிறது? முட்டை இருக்கிறது.

அந்த நாட்டில் சிலருக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்தது. நாம் தபால்தலை சேர்ப்போமே, அதுபோலப் பறவை முட்டைகளைச் சேர்ப்பார்கள். உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, ஓட்டை மட்டும் பெட்டியில் அடுக்கி வைப்பார்கள். பறவை அரிதாக ஆக, முட்டைக்கு மதிப்பு கூடியது. மதிப்பு கூடக் கூட, பறவை இன்னும் அரிதானது. எங்கள் மீனைத் தின்கிறது என்று சுட்டவர்களும் உண்டு. 1916 வாக்கில் கடைசி ஜோடியும் போய்விட்டது. பிறகு சுமார் 40 ஆண்டுகள் ஸ்காட்லாந்தில் விராலடிப்பான் கூடு இல்லை.

1954இல் ஒரு ஜோடி தானாகத் திரும்பி வந்தது. கார்ட்டன் என்ற ஏரியின் அருகே ஊசியிலை மரத்தில் கூடு கட்டி, குஞ்சும் வளர்த்தது. செய்தி மெல்லப் பரவியது. முட்டைத் திருடர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் என்பவர் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தில் இருந்தார். 1958இல் அவர் ஆட்களைச் சேர்த்து அந்த மரத்துக்குக் காவல் போட்டார். கூலிக்கு வந்தவர்கள் அல்ல, ஆர்வத்தால் வந்தவர்கள். முறை வைத்துக் கண் விழித்தார்கள். அப்படியும் ஜூன் மாதத்தில் ஓர் இருட்டு இரவில் ஒருவன் மரம் ஏறிவிட்டான். காவலர்கள் ஓடினார்கள். அவன் தப்பிவிட்டான். மரத்தடியில் முட்டைகள் உடைந்து கிடந்தன. மேலே ஏறிப் பார்த்தால் கூட்டில் இரண்டு முட்டைகள்! அவை கோழி முட்டைகள். பழுப்பு நிறம் வரச் செருப்புப் பாலிஷ் தடவி வைத்திருந்தான். தாய்ப் பறவையை ஏமாற்றவா, காவலர்களை ஏமாற்றவா? இரண்டும்தான்.

அடுத்த ஆண்டு வாட்டர்ஸ்டன் செய்த வேலைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வேறு யாராக இருந்தாலும் கூட்டை ரகசியமாக மறைத்திருப்பார்கள். அவர் ஊருக்கெல்லாம் சொன்னார். மரத்தைச் சுற்றி முள்கம்பி கட்டினார். தள்ளி ஒரு குடிசை போட்டு, தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் தொலைநோக்கி வைத்தார். வாருங்கள், வந்து பாருங்கள் என்று பொதுமக்களை அழைத்தார். திருடன் ஒருவன் வரும் வழியில் ஆயிரம் பேர் நின்றால் அவன் எப்படி வருவான்? 1959 கோடையில் சுமார் 14,000 பேர் வந்தார்கள். கூட்டில் மூன்று குஞ்சுகள் வளர்ந்து பறந்தன.

சரி, வந்தவர்கள் என்ன பார்த்தார்கள்? நாமும் அந்தக் குடிசையில் உட்கார்ந்து பார்ப்போம்.

ஏப்ரல் மாதம். கூடு மரத்தின் உச்சியில் இருக்கிறது. பழைய கூடுதான். ஆண்டுதோறும் சுள்ளி சேர்த்துச் சேர்த்துக் கட்டில் போலப் பெரிதாகிவிட்டது. தாய் 2 அல்லது 3 முட்டை இடுகிறது. ஒரே நாளில் அல்ல, விட்டு விட்டு இடும். பிறகு ஐந்து வாரத்துக்கு மேல் அடைகாக்கும். தகப்பன் மீன் கொண்டு வரும். தாய் சாப்பிடப் போகும்போது தகப்பன் முட்டை மேல் உட்காரும்.

குஞ்சு வெளியே வந்ததும் தகப்பனுக்கு வேலை கூடிவிடும். ஒரு நாளைக்கு ஐந்தாறு மீன் வரை பிடிக்க வேண்டும். மீனின் தலைப்பக்கத்தைத் தான் தின்றுவிட்டு, மீதியைக் கூட்டில் கொண்டு வந்து வைக்கும். தாய் அதைச் சிறு சிறு துண்டாகக் கிழிக்கும். ஒவ்வொரு துண்டாகக் குஞ்சின் அலகருகே நீட்டும். அவ்வளவு பெரிய கொக்கி அலகு, அவ்வளவு மெதுவாக ஊட்டும். மழை பெய்தால் இறக்கையைக் குடைபோல விரித்து நனையும். வெயில் அடித்தாலும் அதே குடைதான்.

எல்லாம் அழகாகவே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். முட்டை விட்டு விட்டு இட்டதால் குஞ்சும் விட்டு விட்டுத்தான் பொரியும். மூத்தது பெரிதாக இருக்கும். அது முண்டி முன்னால் வரும். மீன் தாராளமாக வந்தால் கடைக்குட்டிக்கும் கிடைக்கும். நாலு நாள் புயலடித்து ஏரி கலங்கினால் தகப்பனுக்கு மீன் தெரியாது. அப்போது கடைக்குட்டி பட்டினியில் சாகும். தொலைநோக்கியில் பார்ப்பவர்களுக்கு நெஞ்சு பதறும். இறங்கி உதவ முடியாது. மனிதர் மரமேறினால் தாய் கலைந்து பறந்துவிடும், மற்றக் குஞ்சுகள் குளிரில் விறைத்துவிடும்.

ஏழெட்டு வாரத்தில் குஞ்சுகள் பறக்கும். அதற்கு முன் பல நாள் கூட்டின் விளிம்பில் நின்று இறக்கையை அடித்துப் பழகும். காற்று வந்தால் ஒரு முழம் எழும்பும், பயந்து உட்காரும். பறந்த பிறகும் சில வாரம் மீனுக்குக் கூட்டுக்கே வந்து கத்தும்.

குஞ்சுகள் கூட்டில் இருக்கும்போதே, அனுமதி பெற்ற ஆட்கள் ஒரு நாள் ஏறிக் காலில் வளையம் போடுவார்கள். நான் சற்றுமுன் சொன்னதற்கு இது விலக்கு. பழகியவர்கள் சில நிமிடத்தில் முடித்து இறங்கிவிடுவார்கள். வளையத்தில் எழுத்தும் எண்ணும் இருக்கும். ஸ்காட்லாந்துப் பறவைகள் குளிர்காலத்துக்கு நம் நாட்டுக்கு வருவதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல், காம்பியா பக்கம் போகும். அங்கே கடற்கரையில் நிற்கும் ஒருவர் தொலைநோக்கியில் அந்த எழுத்தைப் படித்துச் சொன்னால் போதும். எந்த ஊர்க் கூட்டில், எந்த ஆண்டில் பிறந்த குஞ்சு என்று தெரிந்துவிடும்.

இன்னொரு திருடனையும் சொல்ல வேண்டும். அவன் மரம் ஏறவில்லை. டிடிடி என்ற பூச்சிமருந்து. வயலில் தெளித்தது ஆற்றில் கலந்தது. மீனுக்குள் போனது. மீனிலிருந்து பறவைக்குப் போனது. முட்டை ஓடு மெலிந்தது. தாய் அடைகாக்க உட்கார்ந்தால் அதன் எடை தாங்காமல் முட்டை நொறுங்கியது. அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் கூடுகள் நூற்றுக்கணக்கில் காலியாயின. 1972இல் அங்கே அந்த மருந்தைத் தடை செய்தார்கள். அதன் பிறகு கூடுகளில் மீண்டும் குஞ்சு பொரித்தது. நம் நாட்டில் விவசாயத்துக்கு அதைப் பயன்படுத்துவதை 1989இல் தடுத்தார்கள்.

ஸ்காட்லாந்தில் இன்று 200 ஜோடிகளுக்கு மேல் இருக்கின்றன. பல கூடுகளில் காமிரா வைத்திருக்கிறார்கள். செல்பேசியிலேயே பார்க்கலாம். லோஸ் என்ற ஏரிக்கு 1991 முதல் 2014 வரை 24 ஆண்டுகள் ஒரே தாய்ப் பறவை வந்தது. அது வளர்த்துப் பறக்கவிட்ட குஞ்சுகள் 50.

ஒரு அம்மா கை தூக்குகிறார். சொல்லுங்கள் அம்மா... தாயும் தகப்பனும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சேர்ந்துதானே போகும் என்று கேட்கிறார்.

இல்லை அம்மா. தாய்தான் முதலில் கிளம்பும், ஆகஸ்ட் வாக்கில். உடம்பு இளைத்துப் போயிருக்கும். தகப்பன் இருந்து மீன் போடும். குஞ்சுகள் தனித்தனியாகக் கிளம்பும். வழி காட்ட யாரும் இல்லை. கடலையும் சகாரா பாலைவனத்தையும் தாங்களே கடக்க வேண்டும். பாதிக்கு மேல் பிறந்த ஊருக்குத் திரும்புவதில்லை. தப்பியவை இரண்டு மூன்று ஆண்டு கழித்து வரும்.

தாயும் தகப்பனும் குளிர்காலம் முழுதும் வேறு வேறு இடத்தில் இருக்கும். வசந்தத்தில் தனித்தனியே அதே கூட்டுக்கு வந்து சேரும். முதலில் வந்தது சுள்ளி பொறுக்கிக் கூட்டைச் செப்பனிட்டுக்கொண்டு காத்திருக்கும். சில நாள் பார்க்கும். மற்றது வராவிட்டால் வேறு துணை தேடிக்கொள்ளும்.