தலைமையின் மூவகையும் அவற்றுக்குரிய காலமும்



நம் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், பணியிடத்தில் தலைமை என்னும் பொருள் குறித்துச் சில கருத்துகளை உங்கள்முன் வைக்க விழைகின்றோம்.

நம் முன்னோர் பண்ணையிலும் ஆலையிலும் கண்ட தலைமை ஒன்றே. மேலிருந்தவர் அதட்டினார், நம்மவர் கைகட்டி நின்று செய்தனர். இன்று விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில் நம் பிள்ளைகள் போர்மேன்களாகவும் கண்காணிப்பாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் பொறுப்பேற்று வருகின்றனர். அப்பழைய அதட்டலே தலைமை என்று அவர்கள் மயங்கிவிடலாகாது.

1939ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவாவில் கர்ட் லெவின் என்னும் உளவியலறிஞரும் அவருடன் பணியாற்றிய இருவரும், சிறுவர் குழுக்களைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வை வெளியிட்டனர். ஆணையிடுபவர், கலந்து முடிவெடுப்பவர், தலையிடாதவர் என மூவகைத் தலைவர்கள் அக்குழுக்களை நடத்தினர். ஆணையிடுபவர் அருகிலிருந்தவரை வேலை மிகுதியாய் நடந்தது. அவர் அகன்றதும் தளர்ந்தது. கலந்து முடிவெடுத்த குழுவிலோ, தலைவர் அகன்ற பின்னரும் வேலை தொடர்ந்தது.

அங்ஙனமாயின் ஆணையே வேண்டாவோ எனின், வேண்டும். பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையில் சிறு உராய்வே தீமூட்டப் போதும். அங்கே இரும்புக் கருவி கூடாது. வரையறுத்த அளவுக்கு மேல் மருந்தோ ஆட்களோ இருத்தல் கூடாது. இவற்றில் வாக்கெடுப்புக்கு இடமில்லை. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டதை இவ்வட்டாரம் மறவாது. புகை கண்ட அக்கணமே அனைவரையும் வெளியேறப் பணிப்பதே அங்கே தலைமையாகும்.

ஆயினும், எல்லாவற்றையும் ஆணையால் முடித்துவிட இயலாது. செய்த எண்ணிக்கைக்கேற்பக் கூலி பெறுபவர் விரைந்துதான் செய்வார். ‘மெதுவாகச் செய்’ என்று போர்மேன் நூறு முறை கூறினும், வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே! ஆகவே, அவர் தொழிலாளரோடு அமர்ந்து, ஒரு நாளைக்கு எவ்வளவு செய்தல் தகும், அதற்கு என்ன கூலி வேண்டும் என்று கேட்டறிந்து, முதலாளியிடம் எடுத்துரைத்தல் வேண்டும். மருந்தின் மாறுபாட்டை முதலில் உணர்வதும் அதனைக் கையாளும் தொழிலாளியே. அவர் வாய் திறக்க அஞ்சினால் அறையிலுள்ள அனைவர்க்கும் ஆபத்து.

கலந்து முடிவெடுத்தலுக்கு அண்ணல் அம்பேத்கரே நமக்குச் சான்று. அரசியலமைப்பு வரைவுக் குழுவுக்கு அவர் தலைவராயிருந்தார். 1948 பிப்ரவரியில் வரைவு வெளியிடப்பட்டுக் கருத்துகள் கேட்கப்பட்டன. பின்னர் அவையில் 2,473 திருத்தங்கள் முன்மொழியப்பட்டன. தக்கவற்றை ஏற்றார், தகாதவை ஏன் தகா என விளக்கினார். கேட்டதனால் அவர் பெருமை குன்றவில்லை.

மூன்றாவது, பொறுப்பை ஒப்படைத்தல். இருபதாண்டுகள் சரம் பின்னிய அம்மையாருக்கு விரல் எப்படி அசைய வேண்டும் என்று சொல்லித்தருவது வீண்வேலை. பள்ளியிலும், தேர்ந்த ஆசிரியரிடம் வகுப்பை ஒப்படைத்து அவருக்கு வேண்டியவற்றைச் செய்து கொடுத்தலே எம்மனையோர் கடமை. ஆனால், ஒப்படைத்தல் வேறு, கைகழுவுதல் வேறு. உரிமம் பெற்றவர் ஆலையின் அறைகளைச் சட்டத்திற்குப் புறம்பாக உள்குத்தகைக்கு விட்டுவிட்டுப் பணத்தை மட்டும் எண்ணுவது கைகழுவுதலே. அத்தகைய இடத்தில் உயிருக்குப் பொறுப்பேற்பார் எவருமிலர்.

இளைஞர்களே, ஆபத்தில் ஆணையிடுங்கள்; அமைதியில் கலந்து பேசுங்கள்; தேர்ந்தவரிடம் ஒப்படையுங்கள். அமைதிக் காலத்தில் தம் சொல்லைக் கேட்டவரின் ஆணைக்கே ஆபத்துக் காலத்தில் மக்கள் தயங்காமல் செவிசாய்ப்பர். ‘ஐயா, இது சரியில்லை, நிறுத்துங்கள்’ என்று கூறும் கடைநிலைத் தொழிலாளியை அதட்டாதீர்கள். அவருக்கு நன்றி கூறுங்கள். அவர் பெரும்பாலும் நம் தெருவைச் சேர்ந்தவர். எத்தெருவினராயினும் நம் உடன்பிறப்பே.

இச்சங்கம் அளித்த கல்வி, நாம் நிமிர்ந்து நிற்பதற்கு மட்டுமன்று. நம்கீழ்ப் பணியாற்றுவோரும் நிமிர்ந்து நின்று பேசுவதற்குமாகும் எனக் கூறி அமைகின்றோம்.