விரல் போன பிறகு பாதத்தைக் காப்பது

(சங்க அரங்கில் நடந்த நலவாழ்வுச் சந்திப்பில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சர்க்கரை நோயால் என் இடது காலில் கட்டைவிரலையும் அடுத்த விரலையும் எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. லிஃப்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் "இப்போ நடக்க முடியுதா மாமி?" என்று அன்பாகக் கேட்கிறீர்கள். முடிகிறது. எப்படி என்பதைத்தான் சொல்ல வந்தேன். சர்க்கரை இல்லாத வீடு நம் குடியிருப்பில் குறைவு. அதனால் இது எல்லோருக்கும் உதவும்.

நாம் அடி எடுத்து வைக்கும்போது உடம்பை முன்னே உந்தித் தள்ளுவதில் கட்டைவிரலுக்குப் பெரிய பங்கு உண்டு. அது போனதும் அடி குறுகிவிட்டது. படி இறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும் தள்ளாடியது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மெதுவாக மாற்றிப் பழகச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். திரும்பும்போது காலை முறுக்காமல், இரண்டு மூன்று சின்ன அடியாகத் திரும்பச் சொன்னார். சில வாரங்களில் பழகிவிட்டது.

அடுத்தது செருப்பு. ஹவாய் செருப்பின் வாரைப் பிடிப்பதே கட்டைவிரலும் அடுத்த விரலும்தான். எனக்கு அது காலில் நிற்காது. முன்பக்கம் அகலமாக, குதிகாலைச் சுற்றி வார் வைத்த எம்.சி.ஆர். செருப்புதான் போடுகிறேன். ஷூ போடுகிற நாளில், விரல் இருந்த இடத்தில் மெத்தென்று ஒரு திண்டு வைத்துத் தந்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் பாதம் முன்னே வழுக்கும். செருப்பு வாங்க மாலையில் போங்கள். பகலெல்லாம் நின்று கால் சற்று வீங்கியிருக்கும். அந்த அளவுக்குப் பொருந்த வேண்டும்.

ஆனால் நடையை விடப் பெரிய கவலை வேறு. போன விரல்களின் சுமை இப்போது மிச்ச விரல்கள் மேலும் முன்பாதத்தின் மேலும் விழுகிறது. அங்கே அடுத்த புண் வர வாய்ப்பு அதிகம். வந்தாலும் வலிக்காது.

1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதங்களைக் கவனித்து ஒன்றை எடுத்துக் காட்டினார். அவர்களின் சதை நோயால் தானாக அழுகவில்லை. வலி தெரியாததால், அடிபட்ட இடத்திலேயே மறுபடி மறுபடி அழுத்தம் விழுந்து புண்ணானது. சர்க்கரையால் உணர்வு போன பாதத்துக்கும் அதே கணக்குதான். வலி செய்த காவலை இனி கண்ணும் கையும் செய்ய வேண்டும்.

தினமும் இரவு தரையில் ஒரு கண்ணாடியை வைத்து இரண்டு உள்ளங்காலையும் பார்க்கிறேன். குனிய முடியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி செல்போனில் படம் எடுக்கலாம். சிவப்பு, கொப்புளம், வெடிப்பு, ஒரு கால் மட்டும் சூடாக இருப்பது, இதில் எது இருந்தாலும் அந்தக் காலை ஊன்றி நடக்காமல் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். செருப்பைப் போடும் முன் தட்டி, உள்ளே கை விட்டுத் தடவிப் பார்க்கிறேன். வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே காலில் ஊற்றுகிறேன். க்ரீம் தடவினாலும் விரலிடுக்கில் தடவுவதில்லை. ஆணிக்காலை வீட்டில் பிளேடால் சீவவே கூடாது. கோயிலுக்கு வெயில் ஏறும் முன் போய்விடுகிறேன். கல்தரை சுட்டால் எனக்குத் தெரியாது.

"மெட்டி எங்கே போடுவே?" என்று உறவில் ஒருவர் கேட்டார். வலது காலிலும் கழற்றிவிட்டேன். இறுகிய மெட்டிக்கு அடியில் புண் வந்தால் நான் அறியமாட்டேன். என் கணவர், "கால் இருந்தா போதும்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சங்கத்திடம் மூன்று கோரிக்கைகள். பி பிளாக் படிக்கட்டில் ஒரு பக்கம்தான் கைப்பிடி இருக்கிறது, மறுபக்கமும் வேண்டும். லிஃப்ட் அருகே ஒரு பெஞ்ச் போடுங்கள். இந்த அரங்கின் வாசலில் "செருப்பை வெளியே விடவும்" என்ற பலகை இருக்கிறது. உள்ளே மட்டும் போடுகிற சுத்தமான செருப்போடு வருகிறவர்களை அனுமதிக்க வேண்டும். கொலுவுக்கு அழைக்கும் வீடுகளிலும் இதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இதற்காகத் தனி ஜோடி ஒன்றைப் பையிலேயே எடுத்து வருகிறேன்.

கடைசியாக, வீட்டில் சர்க்கரை உள்ளவர் யாராவது இருந்தால் இன்று இரவே அவர் காலைப் பாருங்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது பாத உணர்வுப் பரிசோதனை செய்யச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். வலி இல்லை, சில நிமிட வேலை. சர்க்கரை அளவை மட்டும் பார்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பி வந்துவிடாதீர்கள்.