விதை காக்கும் வீடு

வன்னிப் பெருநிலத்தில் மழை பெரும்பாலும் ஒரு பருவத்துக்கே உரியது. புரட்டாதிக் கடைசியில் இடி முழங்கத் தொடங்கி, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வலுத்து, தை மாதத்தோடு தணிந்துவிடும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் முதலிய பெருங்குளங்கள் வயல்களுக்கு நீர் ஊட்டுவன. வீட்டு வளவிலுள்ள கத்தரிக்கும் வெண்டிக்கும் பயிற்றைக்கும் மிளகாய்க்கும் அந்த மழையே முதற்றுணை. ஆகவே, முதல் மழை விழும் நாளில் வீட்டில் நல்ல விதை இருக்கின்றதா என்பதைப் பொறுத்தே அவ்வாண்டின் தோட்டம் அமைகின்றது.

பழைய வீடுகளில் இக்கேள்விக்கு இடமே இருந்ததில்லை. அடுப்புக்கு மேலே, புகை படும் வளையில், சுரைக்குடுவைகளும் சிறு முட்டிகளும் தொங்கின. பயிற்றை விதை சாம்பலில் புரட்டப்பட்டு முட்டியில் இருக்கும். முற்றிய மிளகாய்ப் பழம் காம்போடு காய்ந்து கிடக்கும். சில வீடுகளில் பூசணி விதையைச் சாணத்தோடு பிசைந்து சுவரில் அப்பி வைப்பார்கள். பட்டினி கிடந்தாலும் விதைநெல்லைக் குற்றி உண்ணலாகாது என்பது உழவர் குடும்பங்களின் கட்டுப்பாடு. அக்கட்டுப்பாடு காய்கறி விதைக்கும் உரியதாகவே இருந்தது.

2008ஆம், 2009ஆம் ஆண்டுகளில் போர் காரணமாக இம்மக்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்தனர். கையில் எடுத்துச் சென்ற பொருள்களும் வழியிலேயே ஒவ்வொன்றாக விடப்பட்டன. பின்னர் வவுனியாவின் செட்டிகுளம் பகுதியிலிருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து படிப்படியாக ஊர் திரும்பினர். அம்முகாம் 2012ஆம் ஆண்டு செப்டெம்பரில் மூடப்பட்டது. திரும்பிய குடும்பமொன்றை எண்ணிப் பார்ப்போம். கூரை இல்லை; வேலி இல்லை; கிணறு தூர்ந்து கிடக்கின்றது. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் இழப்புக்கள். கூரைக்குத் தகரம் கிடைக்கும். கிணற்றை இறைத்துத் துப்புரவு செய்யலாம். ஆனால் பாட்டி காலந்தொட்டு ஆண்டுதோறும் எடுத்து வைத்த கத்தரி விதை, ஒரு பருவம் விதைக்கப்படாமலும் சேமிக்கப்படாமலும் போனால், அத்தோடு அந்த இனமே அவ்வீட்டை விட்டு நீங்கிவிடுகின்றது. அது மீண்டும் கிடைக்க வேண்டுமாயின், அதே விதையை முன்னர் ஒருகாலத்தில் வாங்கிச் சென்ற உறவினரோ அயலவரோ எங்கேனும் அதைப் பயிரிட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இவ்வுண்மை உலகெங்கும் ஒன்றே. சிரியாவில் அலெப்போ நகருக்கு அருகே, வறண்ட நிலப் பயிர்களின் விதைகளைக் காத்துவந்த ஓர் அனைத்துலக ஆராய்ச்சி நிலையம் இருந்தது. உள்நாட்டுப் போரினால் அங்கே பணி தொடர முடியாமற் போயிற்று. எனினும், அந்நிலையத்தார் தம் விதைகளின் மறுபிரதியை நோர்வே நாட்டின் சுவல்பார்ட் தீவுக்கூட்டத்திலுள்ள உலக விதைக் களஞ்சியத்தில் முன்னரே வைத்திருந்தனர். 2008இல் திறக்கப்பட்ட அக்களஞ்சியத்திலிருந்து முதன்முதலாக விதை மீட்கப்பட்டது 2015இல், இந்நிலையத்துக்காகவே. அவ்விதைகள் லெபனானிலும் மொறோக்கோவிலும் பயிரிடப்பட்டுப் பெருக்கப்பட்டன. இதிலிருந்து வீட்டுத் தோட்டக்காரர் கற்க வேண்டியது ஒன்றே: விதையை ஓரிடத்தில் மட்டும் வைப்பது காவலாகாது.

இனி, விதை எடுக்கும் முறையை நோக்குவோம். நல்ல காய்களையெல்லாம் கறிக்குப் பறித்துவிட்டு, பருவக் கடைசியில் சூம்பிக் கிடப்பதை விதைக்கு விடுவது பலரும் செய்யும் பிழை. முதலிலே செடியைத் தெரிய வேண்டும்; பின்னரே காயைத் தெரிய வேண்டும். நோயின்றி, நன்கு காய்த்து நிற்கும் செடிகள் நான்கைந்தைத் தெரிந்து, அவற்றிலே பழந்துணிக் கீற்று ஒன்றைக் கட்டிவிட்டால், சமையலுக்குக் காய் பறிக்கப் போகும் பிள்ளைகள் அவற்றைத் தொடமாட்டார்கள்.

கத்தரிக்காய் செடியிலேயே மஞ்சளாகப் பழுக்க வேண்டும். பறித்துச் சில நாள் வைத்திருந்து, பிளந்து, நீரில் கசக்கினால் நல்ல விதை அடியில் தங்கும், மிதப்பதைக் கழித்துவிடலாம். தக்காளியின் விதையைச் சூழ்ந்துள்ள வழுவழுப்பு நீங்க, சாற்றோடு ஓரிரு நாள் புளிக்கவிட்டுக் கழுவ வேண்டும். பயிற்றையும் வெண்டியும் கொடியிலும் செடியிலுமே காய்ந்து, அசைத்தால் விதை கலகலக்கும் பதம் வரவேண்டும். மழைக்கு முன் அவற்றைப் பறித்துவிடுதல் நன்று. நனைந்த நெற்றினுள் விதை பூஞ்சணம் பற்றிக் கெடும்.

அடுத்தது உலர்த்துதல். விதையின் பகைவருள் முதன்மையானது ஈரம், அடுத்தது வெப்பம். விதையிலுள்ள ஈரம் நூற்றுக்கு ஒரு பங்கு குறையுந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது விதை அறிவியலார் கண்ட பொதுவிதி. அதற்காக உச்சி வெயிலில் சீமெந்துத் தரையிலோ தகரத்திலோ பரப்பலாகாது. அந்தச் சூட்டில் முளை கருகிவிடும். ஓலைப் பாயில் அல்லது சுளகில் பரப்பி, முதலில் நிழலிலும், பின் காலை வெயிலிலும் காய வைத்து, பனி இறங்குமுன் உள்ளே எடுக்க வேண்டும். போத்தலில் இடுமுன் சூடு ஆறவேண்டும்; சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துவிடும்.

விதை காய்ந்ததா என்று அறிய எளிய வழிகள் உண்டு. பயிற்றை விதையைப் பல்லால் கடித்தால் பல் பதியாமல் உடைய வேண்டும். நன்றாக உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் ஒரு பிடி விதையும் சிறிது காய்ந்த உப்பும் இட்டுக் குலுக்கிச் சற்று வைத்துப் பார்க்கலாம். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் விதையில் ஈரம் உண்டு என்பது பொருள்.

இன்று பல வீடுகளில் எரிவாயு அடுப்பு வந்துவிட்டமையால், விதைக்குப் புகை கிடைப்பதில்லை. அங்கெல்லாம் இறுக்கமான மூடியுள்ள போத்தலே முட்டிக்கு ஈடு. வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து போத்தலின் அடியில் இட்டால், எஞ்சிய ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். பயறு, பயிற்றை ஆகியவற்றோடு அரித்தெடுத்த விறகுச் சாம்பலைக் கலந்து, கழுத்து மட்டும் நிரப்ப வேண்டும். விதைகளின் இடைவெளியைச் சாம்பல் அடைத்துவிடுவதால் வண்டு நடமாட முடியாது. அதன் மேற்றோலும் உராய்ந்து உடல் வறளும். மூதாதையர் செய்கையின் காரணம் இதுவே. விதையின் பெயரையும் எடுத்த மாதத்தையும் கடதாசியில் எழுதி உள்ளே இடுதல் மறத்தலாகாது.

விதைப்புக்கு இரு வாரங்களுக்கு முன் இருபது விதைகளை எண்ணி, ஈரத் துணியில் சுருட்டி, துணி காயாமற் காக்க வேண்டும். பயிற்றை சில நாளில் முளைக்கும். மிளகாயும் கத்தரியும் ஒரு வாரத்துக்கு மேலும் எடுக்கலாம். இருபதில் பதினாறு முளைத்தால் விதை நன்று. பத்தே முளைத்தால் இரட்டிப்பாக இட வேண்டும். அதிலும் குறைந்தால், மழை வருமுன் வேறு விதை தேடிக்கொள்ளக் காலம் இருக்கின்றது.

கடையில் வாங்கும் கலப்பின விதை நல்ல விளைச்சல் தரும். ஆனால் அதன் காயிலிருந்து எடுத்த விதை தாயைப் போலப் பிறவாது, பலவாறாகப் பிரிந்துவிடும். சேமிக்க வேண்டியவர் நாட்டு இனங்களையோ, மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையம் தந்த எம்.ஐ.-2 மிளகாய் போன்ற கலப்பினமல்லாத இனங்களையோ தெரிதல் வேண்டும்.

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது, வீட்டுத் தோட்டம் செய்வதற்கென அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையே வழங்கப்பட்டது. நிலம் இருந்தது, ஓய்வு நாளும் கிடைத்தது. எனினும், வெளிநாட்டிலிருந்து வரும் பொருள்களின் விலை ஏறிய அந்நாளில், வீட்டில் விதை வைத்திருந்தவரே கவலையின்றி மண்ணைக் கொத்தியிருப்பர்.

ஆகவே, எடுத்த விதையை மூன்று பங்காக்குதல் நலம். ஒரு பங்கை விதைக்க வேண்டும். ஒரு பங்கை அடுத்த ஆண்டுக்கு வைக்க வேண்டும். மழை பிழைத்தாலும் வெள்ளம் அழித்தாலும் அது கைகொடுக்கும். மூன்றாம் பங்கை அயல் வீட்டுக்கும், வேற்றூரில் வாழும் உறவினருக்கும் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தது குறைந்துபோவதன்று. ஒரு வீட்டு முட்டி உடைந்தாலும் இன்னொரு வீட்டு வளவில் அதே கத்தரி பூத்து நிற்கும்; ஒரு நாள் அங்கிருந்து ஒரு பிடி திரும்பி வரும்.