முதல் ஆண்டுகளின் பாடம்

வகுப்பறையின் முதல் ஆண்டுகள் ஆசிரியருக்குக் கற்பிக்கும் காலம் மட்டுமல்ல, கற்கும் காலமும் ஆகும். குஜராத்தியில் கிஜுபாய் பதேகா எழுதி, தமிழில் 'பகல் கனவு' என வெளிவந்த நூலில், நான்காம் வகுப்பை ஏற்கும் புதிய ஆசிரியர் முதல் நாள் மாணவர்களை அமைதியாக அமரவைக்க முயன்று தோற்கிறார். பின்னர் கதை சொல்லத் தொடங்கியதும் அதே மாணவர்கள் தாமாகவே அமைதியாகிச் செவிமடுக்கின்றனர். பிள்ளைகளை அறிந்த பிறகே பாடம் தொடங்குகிறது.

அந்தமானின் ஜங்லிகாட் பகுதிக்கு இது மிகவும் பொருந்தும். தமிழ், தெலுங்கு, வங்காளம், மலையாளம் எனப் பல தாய்மொழியினர் அருகருகே வாழ்ந்து, தமக்குள் இந்தியில் பேசிக்கொள்ளும் இத்தீவுகளில், வீட்டுமொழி, அதாவது குழந்தை பெற்றோரிடம் பேசும் மொழி, ஒன்றாகவும் பாடநூலின் மொழி வேறொன்றாகவும் அமைவதுண்டு. ஆகவே, வாய் திறவாத குழந்தையை மந்தம் என்று புதிய ஆசிரியர் முடிவுகட்டிவிடக் கூடாது. ஜங்லிகாட் மீன்பிடித் துறையருகே வளரும் பிள்ளைக்கு 'வகுத்தல்' என்னும் சொல் புரியாமலிருக்கலாம். ஆனால் 20 மீன்களை 4 கூறாகப் பிரிக்கச் சொன்னால், கூறுக்கு 5 என அதன் கை தானாகவே எடுத்துவைத்துவிடும். கணக்கு அக்குழந்தையிடம் முன்பே இருக்கிறது. அதைக் கண்டறிவதே ஆசிரியரின் பணி.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், இயன்ற இடங்களில், குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை தாய்மொழிவழிக் கல்வியை வலியுறுத்துகிறது. புதிதாகப் பணியேற்கும் ஆசிரியர், தொடக்க நாட்களைப் பிள்ளைகளின் பேச்சைக் கேட்பதற்கென்றே ஒதுக்குவது நன்று. முதலில் பிள்ளையை அறிய வேண்டும்; பிறகே பாடம்.